எண்ணிப் பார்த்த டாக்டர்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தேக்காவை மிதிக்காமல் திரும்புவதில்லை. சேலை வாங்கப் போகிறோம், நகை வாங்கப் போகிறோம், அப்படியே வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். சென்ற முறை நான் போயிருந்தபோது என் கால்கள் வேறோர் இடத்தில் நின்றுவிட்டன. சிராங்கூன் சாலையை ஒட்டிய அஞ்சடியில், பூக்கடைக்குப் பக்கத்தில், ஈரத் துணி போர்த்திய வெற்றிலைக் கட்டுகள். அருகே கொட்டைப் பாக்கு, சீவல், சின்னச் சின்னப் பொட்டலங்களில் சுண்ணாம்பு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு என் அப்பாயியின் நினைவு வந்துவிட்டது.

ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம். விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் அப்பாயி முதலில் தேடுவது வெற்றிலைச் செல்லத்தைத்தான். பசியாற நேரம் இருக்காது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு துண்டுப் புகையிலை. வாயில் அதக்கிக்கொண்டால் குளிருக்கும் இதம், பத்து மணி வரைக்கும் பசியும் தெரியாது. வாய் சிவக்க வேண்டும் என்ற ஆசைக்காகவா போட்டார்கள் அந்தக் காலத்துப் பெண்கள்? முந்நூறு மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வரும் உடம்புக்கு அது ஒரு துணை. இதைச் சொல்லாமல் அவர்களைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை.

ஒருநாள் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண். வெள்ளையாய், ஓரம் தடித்து. வலியில்லை என்றார்கள். தோட்டத்து டிரெசர் ஊதா மருந்து தடவிவிட்டார். ஆறு மாதம் தடவினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கழுத்தில் கட்டி இறங்கியிருந்தது. 1979-இல் அப்பாயி போய்ச் சேர்ந்தார்கள். “விதி” என்றார் தாத்தா. லயத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது, நானும் நம்பினேன்.

அது விதியில்லை, காரணம் உள்ள நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில், எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பகல் பயணத்தில், ஒரு தமிழர் உட்கார்ந்து இந்த நோயை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

சிப்பாய்கள் இருந்த இடம்

தேக்காவில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். அங்கேதான் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. பழைய ஆட்கள் அந்த வட்டாரத்தைச் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்பார்கள். கும்பினி காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடமாம். அங்கே 1905-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

அந்தக் கல்லூரியில் படித்தவர்தான் டாக்டர் கனகரத்னம் சண்முகரத்னம். 1921-இல் பிறந்தவர், இலங்கைத் தமிழ் வழி வந்த குடும்பம். படிப்புக்கு இடையில் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் கல்லூரி நின்றது. நம்மவர்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட அதே கொடுமையான ஆண்டுகள்தாம் அவை. யுத்தம் ஓய்ந்து, விட்ட படிப்பைத் தொட்டு, 1947-இல் டாக்டரானார். பின்னர் லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, நோய்க்கூற்றியல் பேராசிரியரானார்.

நோய்க்கூற்றியல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நாடி பிடிக்காத, ஊசி போடாத, பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே பார்க்காத டாக்டர் இவர். அறுவை மருத்துவர் சந்தேகமான இடத்தில் ஒரு துளிச் சதையை எடுத்து அனுப்புவார். அதை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூறாய் வகுத்தால் எவ்வளவோ அவ்வளவு மெல்லியதாய்ச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஊதாவும் ரோசாவும் கலந்த சாயம் ஏற்றுவார்கள். பூதக்கண்ணாடியின் கீழ் அதைப் பார்த்து, “இது வெறும் புண்”, “இது புற்று” என்று தீர்ப்புச் சொல்வதுதான் இவர் வேலை. இவர் சொல்லும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே தலைகீழாகும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இவர் பெயர்கூடத் தெரியாது.

ஆயிரக்கணக்கில் சில்லுகளைப் பார்க்கும் ஒருவருக்கு ஓர் ஐயம் வராமல் இருக்குமா? சிங்கப்பூர் சின்னத் தீவு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லோரும் அடுத்தடுத்து வாழும் இடம். காற்று ஒன்று, தண்ணீர் ஒன்று, மழை ஒன்று. ஆனால் சீனரின் சில்லுகளில் அடிக்கடி வருவது மூக்குக்குப் பின்னால் தொண்டை தொடங்கும் இடத்துப் புற்று. இந்தியர் சில்லுகளில் வருவது வாய்ப்புற்று. ஏன்?

பெரட்டுக் கணக்கு

ஐயம் வந்தால் போதாது, கணக்கு வேண்டும். ஓர் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளை மட்டும் எண்ணினால் அது அந்த ஆஸ்பத்திரியின் கணக்கே தவிர, நாட்டின் கணக்கு ஆகாது. வர வசதியுள்ளவர்கள்தானே வருவார்கள்! தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பெரட்டுக்கு வந்தவர், வராதவர், காய்ச்சலில் படுத்தவர் என்று ஒரு தலை விடாமல் எழுதுவது போல, நாட்டில் யாருக்குப் புற்றுநோய் கண்டாலும் ஒரே ஏட்டில் ஏற வேண்டும்.

அந்த ஏட்டை உருவாக்கியவர் சண்முகரத்னம். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் என்று பெயர். 1968 ஜனவரி முதல் கண்ட ஒவ்வொரு நோயும் அதில் பதிவாயிற்று. வயது, ஆணா பெண்ணா, எந்த இனம், சீனரானால் ஹொக்கியனா, தியோச்சியூவா, கண்டோனியரா, உடம்பில் எந்த இடம், எந்த வகை உயிரணு. டாக்டர்கள் தாமாக எழுதி அனுப்புவது ஒரு வழி. சில்லு பார்த்த அறிக்கைகள், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், இறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது மற்றொரு வழி. ஒரே ஆள் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு பேராய் எண்ணிவிடக் கூடாதல்லவா? அப்போது இந்த வேலைக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. அது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதுவரை நம்பிக்கையின் பேரில், கேட்டுக் கேட்டு வாங்கி நடந்த காரியம்.

ரத்தத்தைக் கண்டு மயங்கும் அளவுக்கு உணர்ச்சிமயமான வேலை இல்லை இது. பத்திரிகையில் படம் போட ஒன்றுமில்லாத வேலை. அதனாலோ என்னவோ, நம்மில் பலருக்கு இவரை அதிபர் தர்மனின் தகப்பனார் என்று சொன்னால்தான் தெரிகிறது. 2023-இல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்னம் இவருடைய மகன்தான். என்னைக் கேட்டால், தகப்பனார் செய்த காரியம் அதற்குக் குறைந்ததில்லை.

கணக்கு என்ன சொன்னது? முதலில் ஐயப்பட்டதையெல்லாம் உறுதி செய்தது. பிறகு எதிர்பாராத ஒன்றையும் காட்டியது. சீனர் என்று மொத்தமாய்ச் சொல்வதே தவறாம்! மூக்குத் தொண்டைப் புற்று கண்டோனியரிடம் மிக அதிகம். ஹொக்கியன், தியோச்சியூ மக்களிடம் அவ்வளவு இல்லை. ஆனால் உணவுக்குழாய்ப் புற்றும் வயிற்றுப் புற்றும் இந்த இரண்டு பிரிவினரிடம் அதிகம். 1970-களின் தொடக்கத்திலேயே இது அச்சில் வந்துவிட்டது. உணவுக்குழாய் நோயாளிகளை இவரும் சகாக்களும் துருவித் துருவி விசாரித்ததில், பானங்களைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் ஒரு காரணமாய்த் தெரிந்தது. 1974-இல் சொன்னார்கள். மிகச் சூடான பானம், அதாவது 65 பாகைக்கு மேல், புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 2016-இல். நாற்பத்திரண்டு ஆண்டு! (தேத்தண்ணியை ஆற்றிக் குடி என்று அம்மா சொன்னபோது கேட்டவர்கள் பிழைத்தார்கள்.)

மூக்குத் தொண்டைப் புற்றில்தான் இவர் பெயர் உலகம் சுற்றியது. கேலம் மூர் என்ற சகாவோடு சேர்ந்து இவர் பதிப்பித்த நூல் 1967-இல் வந்தது. மேல் மூச்சுப் பாதையின் கட்டிகளை எப்படி வகை பிரிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1978-இல் வெளியிட்ட கையேட்டை எழுதியவர்களில் முதன்மையானவர் இவர். லண்டனிலும் டோக்கியோவிலும் சில்லு பார்க்கும் டாக்டர், “இது எந்த வகை?” என்று குழம்பினால் ஒரு சிங்கப்பூர்த் தமிழரின் ஏட்டைப் புரட்டினார்.

நோயின் வேர்

எண்ணிக்கை, எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். தோண்டுவது அடுத்த வேலை. அதில் இறங்கியவர்கள் அணுவுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடும் விஞ்ஞானிகள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. மூலக்கூறு என்பது அணுக்கள் பல சேர்ந்தது. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட மூலக்கூறு இருக்கிறது. எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற உத்தரவெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை விழுந்தால் உத்தரவு மாறும். நிற்க வேண்டிய உயிரணு நிற்காமல் பெருகும். அதுதான் புற்று.

பிழை எப்படி விழுகிறது? ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வழி.

மூக்குத் தொண்டைப் புற்றுக்குள் ஒரு வைரஸ் கிடைத்தது. 1964-இல் எப்ஸ்டீன், ஆச்சோங், பார் என்ற மூவர் லண்டனில் கண்டுபிடித்த வைரஸ் அது. உலகத்தில் பெரும்பாலோர் உடம்பில் சாதுவாய்க் குடியிருக்கும். சிலரிடம் மட்டும் வேலையைக் காட்டும். யாரிடம்? பரம்பரைக் கூறு ஒன்று. குழந்தைப் பருவத்திலிருந்து தின்ற சீன முறை உப்புக் கருவாடு மற்றொன்று. அந்தக் கருவாட்டை 1993-இலும், வைரஸை 1997-இலும் புற்றுநோய்க் காரணிகள் என்று அதே முகமை உறுதி செய்தது. சிங்கப்பூரில் இந்த நோய் பல ஆண்டுகளாகவே குறைந்துகொண்டு வருகிறது.

ஈரல் புற்றுக்குக் காரணம் ஹெபடைட்டிஸ் ‘பி’ என்ற மற்றொரு வைரஸ். இதற்குத் தடுப்பூசியே வந்துவிட்டது. கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குச் சிங்கப்பூர் 1985-இல் போடத் தொடங்கி, 1987-இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று விரித்தது. மலேசியாவில் 1989 முதல். கிளினிக்கில் தாதி உங்கள் பேரப்பிள்ளையின் தொடையில் குத்தி, அது வீறிட்டு அழுததே, அது புற்றுநோய்க்கு எதிரான ஊசியும்கூட என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பூசணம் பிடித்த கச்சானுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலில் போய், ‘பி53’ என்னும் காவற்காரனைத் தாக்குகிறது. அதுவும் அவனுடைய உத்தரவில் குறிப்பிட்ட ஒரே இடத்தில். 1991-இல் சீனத்திலும் ஆப்பிரிக்காவிலும் கண்ட உண்மை இது.

யார் இந்தக் காவற்காரன்? உயிரணுவில் பிழை விழுந்தால் “நில்! சரிசெய், முடியாவிட்டால் செத்துப் போ” என்று ஆணையிடும் ஒரு புரதம். 1979-இல் இதைக் கண்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் டேவிட் லேன். முதல் பத்து ஆண்டு இது புற்றை வளர்க்கும் பொருள் என்றே நினைத்தார்கள். காவற்காரனையே திருடன் என்று பிடித்து வைத்திருந்தார்கள்! 1989-இல்தான் உண்மை விளங்கிற்று. மனிதர்க்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்தக் காவற்காரன் பழுதாகிக் கிடக்கிறான். டேவிட் லேன் 2004-இல் சிங்கப்பூர் வந்து, மூலக்கூறு உயிரணு உயிரியல் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். தேசியப் புற்றுநோய் மையத்தில் இதே பி53-ஐ ஆராய்ந்து வந்தவர் கனக சபாபதி. இருவரும் சேர்ந்து, பழுதான காவற்காரனை மருந்தால் சரிசெய்ய வழி உண்டா என்று 2018-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே 2018-இல்தான் சண்முகரத்னம் அவர்கள் தமது 97-ஆம் வயதில் மறைந்தார்.

மறுபடியும் செல்லத்துக்கு

இனி என் அப்பாயியின் கன்னத்துக்கு வருகிறேன்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று வருகிறது என்பது புதுச் செய்தியே இல்லை. நம் கன்னியாகுமரிப் பக்கத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் என்ற டாக்டர் 1933-இலேயே லண்டன் மருத்துவ இதழுக்கு எழுதிவிட்டார். அன்று அது திருவிதாங்கூர் நாடு. சிங்கப்பூரிலிருந்து மூரும் கர்க்கும் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று என்று 1960-இல் எழுதினார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் ராமநாதன் 1970-களில் இந்த நாட்டு மக்களின் வாய்களைச் சோதித்து எழுதினார். சண்முகரத்னத்தின் ஏடோ, சிங்கப்பூர் இந்தியரிடம் வாய்ப்புற்று சீனரைக் காட்டிலும் பல மடங்கு என்று எண்களால் நிறுத்திக் காட்டியது. எல்லாம் இங்கிலீஷில். எங்கள் லயத்துக்கு ஒரு வரி வரவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத மனக்குறை இதுதான்.

வெகுநாள் எல்லோரும் புகையிலையை மட்டும் குற்றவாளி என்று நினைத்தார்கள். 1985-இல் வந்த உலகத் தீர்ப்பும் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் பற்றியதுதான். ஆனால் 2004-இல் வெளியான தீர்ப்பு வேறு: புகையிலை இல்லாவிட்டாலும் வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும், பாக்கு தனியாகவே தரும். “நான் புகையிலை போடுவதில்லையே, வெறும் பாக்குத்தானே” என்று ஆறுதல் கொள்ளும் அத்தைமார்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

பாக்கில் அரிகோலின் என்றொரு சத்து உண்டு. போட்டதும் உடம்பு சூடேறுவதும் சுறுசுறுப்பு வருவதும் அதனால்தான். விட முடியாமல் இழுப்பதும் அதனால்தான். அது எச்சிலோடு கலந்து, டி.என்.ஏ.-வைச் சிதைக்கும் நைட்ரோசமின் என்னும் பொருள்களாய் மாறுகிறது. சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆக்சிஜன் வெறிபிடித்தது போலாகி, அதுவும் உயிரணுவைக் கடிக்கிறது. புகையிலை தன் பங்குக்கு அதைவிடக் கொடிய நைட்ரோசமின்களைக் கொண்டுவருகிறது. பாக்கின் நார் கன்னத்தை ஓயாமல் உரசுகிறது. முப்பது வருஷம், ஒரு நாளைக்கு எட்டுத் தரம், ஒரே கன்னத்தில் அதக்கினால் அந்த இடத்துக் காவற்காரன் எத்தனை நாள் தாங்குவான்?

வெற்றிலையின் பேரில் தனியாய்ப் பழி இல்லை. பாக்கோ புகையிலையோ சேரும்போதுதான் வம்பு.

வாயில் போடும் புகையிலை வகைகளையும் மூக்குப்பொடியையும் சிங்கப்பூர் அரசு 2016 ஆகஸ்டு முதல் தேதியோடு தடை செய்துவிட்டது. குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் அதில் அடக்கம். தேக்காவில் நான் நின்ற கடையிலும் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும்தான் இருந்தன. அப்பாயியின் திதி நெருங்கியிருந்தது. படையலுக்கு வெற்றிலை பாக்கு இல்லாமல் முடியுமா? ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்கார அம்மா, “எல்லாம் பூசைக்குத்தான் வாங்குறாங்க தம்பி, போடுற ஆளுங்க குறைஞ்சுட்டாங்க” என்றார்கள். அவர்களுடைய உதடு மட்டும் நன்றாய்ச் சிவந்திருந்தது. சொல்வோமா என்று நினைத்தேன். அவர்கள் வயதுக்கு மரியாதை, என் வாய் எழவில்லை. அந்தக் கூச்சத்தை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் இதைச் செய்யுங்கள். வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்து, டார்ச் லைட் அடித்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடி, நாக்கின் ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடித்த ஓரமுள்ள புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, இவற்றில் ஏதாவது தெரிகிறதா? மூன்று விரலை ஒன்றாய் வைத்து நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா? திறக்காமல் கன்னம் தோல்பட்டை போல் இறுகியிருந்தால் அது பாக்கினால் வரும் நோய். புற்றுக்கு முந்திய கட்டம். எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் அரசாங்கப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல்லுக்குத்தானே அவர் என்று நினைக்க வேண்டாம். வாய் முழுவதும் அவர் பார்க்க வேண்டியதுதான். சந்தேகமானால் ஒரு துளிச் சதையை எடுத்து, சில்லு பார்க்கிறவருக்கு அனுப்புவார். தொடக்கத்தில் கண்டால் வெட்டி எடுத்துக் குணப்படுத்தலாம்.

வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. அப்பாயிக்கும் வலிக்கவில்லை.